ஷார்ட் ஃபிலிம்னா என்ன, அத வச்சு ஒரு டைரக்டர எப்படி அடையாளம் பாக்குறாங்க: நம்ம ராம்நாடு கடக்கரைப் பிள்ளைங்களுக்கு

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, கீழக்கரை, அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டின்னு நம்ம கடக்கரை பூராவும் சினிமா எடுக்கணும்ங்கற ஆசையோட சுத்துற பிள்ளைங்க நெறைய இருக்காங்க. எப்படிப் போறதுன்னு கேட்டா எல்லாரும் சொல்ற வழி ஒண்ணுதான், சென்னைக்குப் போகணும், வடபழனி சாலிகிராமம் பக்கம் ஒரு ரூம் எடுக்கணும், யாராவது ஒரு டைரக்டர்கிட்ட அசிஸ்டெண்டா சேந்துறணும், அப்புறம் அஞ்சாறு வருஷம் கழிச்சு கதை கேக்க ஒரு புரொடியூசர் கெடைப்பாரு. அந்த வழி இன்னைக்கும் இருக்கு, அதுல போயி ஜெயிச்சவங்க எத்தனையோ பேரு. ஆனா வீட்ட விட்டு அவ்ளோ தூரம் போக முடியாத பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்க, அப்பா கூட கடலுக்குப் போனாத்தான் வீட்டுல அடுப்பு எரியும்ங்கற நெலமையில இருக்கற பசங்க இருக்காங்க, அவங்கள மனசுல வச்சுத்தான் இத எழுதுறேன். ஷார்ட் ஃபிலிம்னா என்ன, அத யாரு பாக்குறாங்க, எதுக்குப் பாக்குறாங்க, எடுத்து முடிச்சா எங்க அனுப்பணும்னு ஒண்ணுமே தெரியாதவங்க படிச்சாலும் புரியணும்.

ஷார்ட் ஃபிலிம்னா குறைஞ்ச நேரத்துல முடியற படம். எவ்ளோ குறைஞ்ச நேரம்ங்கறது இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்கர் கணக்குப்படி கடைசியில ஓடுற பேரெல்லாம் சேத்து 40 நிமிஷத்துக்குள்ள இருந்தா அது ஷார்ட் ஃபிலிம், பிரான்ஸ்ல நடக்கற கான் விழாவோட ஷார்ட் ஃபிலிம் போட்டியில 15 நிமிஷத்தத் தாண்டக் கூடாது. அதுல லைவ் ஆக்‌ஷன்னு ஒரு வகை இருக்கு, நெசமான ஆளுங்க கேமரா முன்னாடி நடிச்சு எடுக்கற கதைப் படம். வரைஞ்சு எடுத்தா அனிமேஷன், நெசமா நடக்கறதப் பின்னாலயே போயி எடுத்தா டாக்குமெண்டரி. இந்த மூணுக்கும் ஆஸ்கர்ல தனித்தனிப் பரிசு இருக்கு. முதுமலை யானைங்களப் பத்தின 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல ஜெயிச்சது டாக்குமெண்டரி ஷார்ட் பிரிவுல, நம்மாளுங்க நெறைய பேரு டாக்குமெண்டரியையும் கதைப் படத்தையும் ஒண்ணாக் கலந்து பேசுறாங்க. லைவ் ஆக்‌ஷன் பிரிவுல 2025-ல நாமினேஷன் வரைக்கும் போனது 'அனுஜா', டெல்லியில ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில வேலை பாக்கற சின்னப் பொண்ணோட கதை. நான் இங்க பேசப்போறது இந்த லைவ் ஆக்‌ஷன் வகையப் பத்தி மட்டும்தான்.

சரி, இத எதுக்கு ஒரு டைரக்டர கண்டுபிடிக்கற வழியா வச்சிருக்காங்க? புரொடியூசர் எடத்துல உக்காந்து யோசிச்சுப் பாருங்க. முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளு வந்து ரெண்டு மணி நேரம் கதை சொல்றாரு, கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா இவர நம்பி கோடிக்கணக்குல காசு போடலாமா, நூறு பேரு நிக்கற ஸ்பாட்ல இவரால டக்கு டக்குனு முடிவெடுக்க முடியுமா, நடிக்கறவங்ககிட்ட வேலை வாங்கத் தெரியுமான்னு வாயால சொன்ன கதைய வச்சு ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியாது. அதே ஆளு எடுத்த பத்து நிமிஷப் படத்த ஓட விட்டா தெரிஞ்சிரும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.

தமிழ்ல இது எப்படி நடந்துச்சுன்னு உங்களுக்கே ஓரளவு தெரிஞ்சிருக்கும். கலைஞர் டிவியில 'நாளைய இயக்குநர்'னு ஒரு நிகழ்ச்சி வந்துச்சு, வாரா வாரம் புதுப் பசங்க எடுத்த ஷார்ட் ஃபிலிமப் போட்டு சினிமாக்காரங்களே உக்காந்து கருத்து சொல்லுவாங்க. அதுல இருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் 2012-ல முதல் படம் எடுத்தாரு, நலன் குமாரசாமி 2013-ல எடுத்தாரு. பாலாஜி மோகன் தன்னோட ஷார்ட் ஃபிலிமையே பெருசாக்கி அதே 'காதலில் சொதப்புவது எப்படி'ங்கற பேருல 2012-ல முழுப் படமா கொண்டுவந்தாரு, ராம்குமாரோட 'முண்டாசுப்பட்டி'யும் மொதல்ல ஷார்ட் ஃபிலிமா இருந்து 2014-ல தியேட்டருக்கு வந்ததுதான். வெளிய பாத்தா அமெரிக்காவுல டேமியன் சஸெல் 'விப்லாஷ்'னு ஒரு ஸ்கிரிப்ட எழுதி வச்சிருந்தாரு, அதுல ஒரே ஒரு சீன மட்டும் 18 நிமிஷ ஷார்ட் ஃபிலிமா எடுத்தாரு, 2013 சன்டான்ஸ் விழாவுல அதுக்குப் பரிசு கெடைச்சுது, அடுத்த வருஷமே முழுப் படம் வந்து 3 ஆஸ்கர் வாங்குச்சு.

கவனிச்சீங்கன்னா இதுக்குள்ளயே ரெண்டு வகை இருக்கு. பெரிய கதையில இருந்து ஒரு துண்ட எடுத்து, முழுசா எடுத்தா இப்படித்தான் இருக்கும்னு காட்டறது ஒண்ணு. தன்னளவுல முழுசா இருக்கற சின்னக் கதை இன்னொண்ணு. புதுசா ஆரம்பிக்கறவங்க ரெண்டாவதத்தான் எடுக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன். துண்டு எடுத்தா பாக்கறவங்களுக்கு மீதிக் கதைய நீங்க வாயால சொல்ல வேண்டியிருக்கும், அப்ப மறுபடியும் அதே கதை சொல்ற எடத்துக்குத்தான் வந்து நிக்கறீங்க.

அப்ப சின்னக் கதைன்னா எவ்ளோ சின்னது? இங்கதான் பெரும்பாலான முதல் படங்க வழுக்குது. ரெண்டரை மணி நேரப் படத்துல வர்ற எல்லாத்தையும், காதல், அம்மா சாவு, வில்லன், பாட்டு, கடைசியில ஒரு ட்விஸ்ட், அம்புட்டையும் பன்னெண்டு நிமிஷத்துக்குள்ள அடைக்கறாங்க. பாக்கறவனுக்கு எந்த ஆளையும் பிடிச்சுக்கக் கூட நேரம் இருக்காது, அதுக்குள்ள அந்த ஆளு செத்துப்போயிருப்பாரு. ஷார்ட் ஃபிலிமுக்கு ஒரு ஆளு, அவருக்கு இப்பவே வேணும்ங்கற ஒரு விஷயம், அது கெடைக்குமா கெடைக்காதான்னு ஒரு கேள்வி, இது போதும். கேள்வி சின்னதா இருக்கலாம், ஆனா அந்த ஆளுக்கு அது உசுரு போற விஷயமா இருக்கணும்.

நம்ம ஊர வச்சே ஒரு உதாரணம் சொல்றேன், கொஞ்சம் நீளமாச் சொல்றேன், ஏன்னா இத ஒரு தடவ கிட்டக்க இருந்து பாத்துட்டா மத்ததெல்லாம் தானாப் புரியும். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. தடை முடியற அன்னைக்கு சாயங்காலம் ஐஸ் பிளாண்ட்ல எப்படி இருக்கும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. போட்டு எல்லாம் ஒரே நேரத்துல கெளம்புது, எல்லாருக்கும் ஐஸ் வேணும், லோடு ஆட்டோ வரிசையா நிக்குது. அந்த வரிசையில பன்னெண்டாவது படிக்கற ஒரு பொண்ணு நிக்கிறா. அவ அப்பாவுக்கு அந்த ஐஸ் பிளாண்ட்ல பழைய பாக்கி இருக்கு, அவருக்கு முகத்தக் காட்ட கூச்சம், அதனால மகள அனுப்பியிருக்காரு. அவ்ளோதான் கதை. ஐஸ் கெடைக்குமா கெடைக்காதா.

இப்ப இத எப்படி எடுக்கறதுன்னு யோசிங்க. அந்த எடத்துல எந்நேரமும் ஐஸ் உடைக்கற மெஷின் ஓடும், பக்கத்துல நிக்கறவர் பேசறது கூடக் கேக்காது. சவுண்டு கெட்டுப்போகும்னு பயந்து வேற எடத்துக்கு ஓடற டைரக்டர் இருப்பாரு. அந்தச் சத்தத்தையே கதையில வைக்கற டைரக்டரும் இருப்பாரு. பொண்ணு கல்லாவுல இருக்கறவர்கிட்டப் போயி மெதுவாச் சொல்றா, "மாமா, அப்பா அனுப்புனாக." அவருக்குக் கேக்கல. "என்ன தாயி, சத்தமாச் சொல்லு." இவ கொஞ்சம் சத்தமாச் சொல்றா, அப்பவும் கேக்கல, அவரு காதுக்குப் பக்கத்துல கைய வச்சுக்கிட்டு குனியறாரு. மூணாவது தடவ தொண்டையத் தெறந்து கத்துறா, "பழைய பாக்கிய மொதப் பாடு வந்ததும் தந்துருவாகளாம்." சரியா அந்த நேரம் பாத்து உள்ள யாரோ மெஷின நிப்பாட்டுறாங்க. 'பழைய பாக்கி'ங்கற வார்த்தை வரிசையில நின்ன அத்தனை பேரு காதுலயும் விழுது. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அவங்கள்ல ரெண்டு மூணு பேருக்கு அவ அப்பாவத் தெரியும்.

அதுக்கப்புறம் ஒரு பத்து செகண்டு யாரும் பேச வேண்டாம். தரையில சாக்கு மேல வச்சிருக்கற ஐஸ் கட்டியில இருந்து தண்ணி ஓடி வாசலுக்குப் போறத மட்டும் காட்டலாம், நேரம் போய்க்கிட்டே இருக்குன்னு அது சொல்லிரும், கடிகாரமெல்லாம் தேவையே இல்ல. அப்புறம் அவரு ஒண்ணும் பதில் சொல்லாம எந்திரிச்சுப் போயி மெஷின் சுவிட்சப் போடறாரு. மறுபடி அதே சத்தம். ஐஸ் உடைஞ்சு வந்து கொட்டுது. அது இவளுக்கா, இவளுக்கு அடுத்து நிக்கறவருக்கான்னு தெரியல, கூடையக் கீழ வைக்கலாமா வேண்டாமான்னு இவ நிக்கிறா. வைக்கிறாளா? அதுதான் படத்தோட கடைசி ஷாட்டு, வைக்கறதும் வைக்காததும் நீங்க எடுக்க வேண்டிய முடிவு, வச்சா ஒரு படம், வைக்கலேன்னா வேற படம்.

இதுல ஒரே எடம், ஒரு சாயங்காலம், முக்கியமா ரெண்டே பேரு. செலவு அதிகமில்ல. ஆனா விவரம் தெரிஞ்ச ஒருத்தர் இதப் பாத்தா அவருக்கு எத்தனை விஷயம் கெடைக்குது பாருங்க. இந்தப் பிள்ளைக்கு சத்தத்த வச்சு கதை சொல்லத் தெரியுது, நடிகைய சும்மா நிக்க வச்சே நடிக்க வைக்கத் தெரியுது, எத சொல்லாம விடணும்னு தெரியுது, தன்னோட ஊரு தெரியுது. கேமரா என்ன மாடல்னு அவரு யோசிக்கவே மாட்டாரு. விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கறவங்க முன்னாடி ஆயிரக்கணக்குல படம் குவிஞ்சு கெடக்கும், அதனால முதல் ஒரு நிமிஷம் ரொம்ப முக்கியம். சூரியன் உதிக்குது, அலை அடிக்குது, ட்ரோன் ஷாட்டு, பேரு வருது, அம்மா காபி போடறாங்கன்னு ஆரம்பிச்சா அங்கயே கை அடுத்த படத்துக்குப் போயிரும். மேல சொன்ன கதைன்னா பொண்ணு வரிசையில நிக்கறதுல இருந்தே ஆரம்பிச்சிருங்க, வீட்டுல அப்பா அனுப்பற சீன் வேண்டவே வேண்டாம்.

நீளத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. விழாவுல ஷார்ட் ஃபிலிம தனியாப் போட மாட்டாங்க, ஆறேழு படத்த சேத்து ஒண்ணரை மணி நேரக் காட்சியா ஓட்டுவாங்க. எட்டு பத்து நிமிஷப் படத்துக்கு அதுல எடம் கெடைக்கறது சுலபம், முப்பது நிமிஷப் படம் உள்ள வரணும்னா மூணு படத்த வெளிய தள்ளணும், அந்த அளவுக்கு அது நல்லா இருந்தாகணும்.

நம்ம கடக்கரைக்கு வர்ற வெளியூர் யூனிட்டு எல்லாம் நேரா தனுஷ்கோடிக்குத்தான் போறாங்க. 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊரு, இடிஞ்ச சர்ச்சு, ரெண்டு பக்கமும் கடல், கேமராவ எங்க வச்சாலும் அழகாத் தெரியும். அந்த அழக அவங்களும் எடுத்தாச்சு, கல்யாண போட்டோ எடுக்கறவங்களும் எடுத்தாச்சு, வண்டியில வர்ற ஒவ்வொருத்தரும் போன்ல எடுத்தாச்சு. கதைக்கு அந்த எடம் நெசமாவே வேணும்னா போங்க, அங்க இன்னும் குடிசை போட்டு மீன் பிடிச்சுக்கிட்டிருக்கற ஆளுங்களப் பத்தின கதைன்னா கண்டிப்பாப் போங்க. அழகா இருக்குங்கறதுக்காக மட்டும் போனா அது உங்கள அடையாளம் காட்டாது. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். பாம்பன் சின்னப்பாலத்துப் பொம்பளைங்க விரல்ல துணியச் சுத்திக்கிட்டு கடலுக்குள்ள முங்கி பாசி எடுக்கறது, சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுல கருப்பட்டி காய்ச்சறது, வாலிநோக்கம் உப்பளம், முண்டு மிளகாய் காயற களம், வலை பொத்தறவங்க பேசிக்கற பேச்சு, ஏலம் போடற எடத்துல கண்ணால நடக்கற வெலை. இதெல்லாம் ஒரு நாள் ரெண்டு நாள் வந்து தங்கறவங்க கண்ணுல படாது.

உள்ளூர்க் கதை வெளிய எடுபடுமான்னு சந்தேகம் வரும். 2024-ல கான் விழாவோட மாணவர் படப் பிரிவுல முதல் பரிசு வாங்குனது பூனா ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்ச மைசூர்க்காரர் சிதானந்த நாயக் எடுத்த கன்னடப் படம், 'சன்ஃப்ளவர்ஸ் வேர் தி ஃபர்ஸ்ட் ஒன்ஸ் டு நோ'ன்னு பேரு. ஊருச் சேவல ஒரு கெழவி திருடிட்டுப் போனதால பொழுதே விடியாமப் போகுதுங்கற கர்நாடகத்து நாட்டுப்புறக் கதைதான் அது. நம்ம ஊருல அந்த மாதிரிக் கதைக்கா பஞ்சம்.

மீனவர கைது பண்றது, படகப் பிடிச்சு வச்சுக்கறது பத்தி எடுக்கணும்னு நம்ம பிள்ளைங்க நெறைய பேரு நினைக்கறாங்க. அது நம்ம வீட்டு வலி, எடுக்காதீங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன். ஆனா பத்து நிமிஷத்துல அந்தப் பிரச்சினை முழுசையும் சொல்லப் போனா அது நியூஸ் மாதிரி ஆயிரும், ரெண்டு நாட்டு அரசியலையும் ஒரு நடிகர் வசனமாப் பேசிக்கிட்டு நிப்பாரு. அந்த வீட்டுக்குள்ள போங்க. புருஷன் அந்தப் பக்கம் ஜெயில்ல இருக்காரு, இங்க அவரு எடுத்த குழுக் கடனுக்கு இன்னைக்குத் தவணை, வாங்க வர்ற ஆளுக்கு யாரு பதில் சொல்றது? இதுல ஒரு படம் இருக்கு.

பேச்சுல ரொம்ப கவனமா இருங்க, இது நான் மனசார கெஞ்சிக் கேக்கற விஷயம். நம்ம கடக்கரையில பத்து கிலோமீட்டருக்கு ஒரு பேச்சு. கீழக்கரை வீட்டுல வாப்பா, உம்மா, காக்கா, லாத்தான்னுதான் கூப்புடுவாங்க, பாம்பன் தெருவுல அது வேற. சினிமாவுல கேட்ட மதுரைப் பேச்சையோ தூத்துக்குடிப் பேச்சையோ நம்ம ஆளுங்க வாயில வைக்காதீங்க. நடிக்க வர்றவங்க பெரும்பாலும் புதுசாத்தான் இருப்பாங்க, அவங்ககிட்ட வசனத்த பேப்பர்ல எழுதிக் குடுத்தா மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிப்பாங்க. நெலமைய மட்டும் சொல்லுங்க, "உனக்கு ஐஸ் வேணும், ஆனா பாக்கி இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாது, கேளு" அப்படின்னு விட்டுப் பாருங்க. நீங்க எழுதுனத விட நல்ல வார்த்தை வரும்.

இனி எடுக்கற வேலை. போன் போதும், இப்ப இருக்கற போன் எதுலயும் படம் நல்லாவே வருது, அதப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. எக்ஸ்போஷர, அதாவது வெளிச்ச அளவ, தானா மாறாம லாக் பண்ணிக்குங்க, செகண்டுக்கு 24 அல்லது 25 ஃபிரேம்ல வைங்க, டியூப் லைட்டு இருக்கற எடத்துல ஷட்டர் ஸ்பீட ஒரு செகண்டுல 50-ல ஒண்ணு அல்லது 100-ல ஒண்ணுன்னு வச்சா ஃபிளிக்கர், அதாவது படம் மினுக்கறது, வராது, நம்ம ஊரு கரெண்டு 50 ஹெர்ட்ஸ்ங்கறதாலதான் அந்தக் கணக்கு. ஐஸ் பிளாண்ட்ல இது ரொம்ப உதவும்.

கஷ்டம் பூராவும் சவுண்டுலதான். படம் கொஞ்சம் மங்கலா இருந்தாக் கூட மன்னிச்சுருவாங்க, பேசறது கேக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க. நம்ம எடத்துல காத்து ஒரு பெரிய ஆளு. கச்சான் காத்து அடிக்கற மாசங்கள்ல தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடாக் கரையில நின்னு வசனம் எடுக்கவே முடியாது, அதே நேரம் வடக்குப் பக்கம் பாக் நீரிணைக் கரையில கடல் கொளம் மாதிரி கெடக்கும். வாடை ஆரம்பிச்சா ரெண்டும் மாறிப்போகும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருக்கறவங்களுக்கு இது ஒரு வரம், அன்னைக்கு எந்தப் பக்கம் அடங்கியிருக்கோ அந்தப் பக்கம் போயி எடுக்கலாம், எத்தன ஊருக்காரங்களுக்கு இப்படி அமையும். சட்டையில மாட்டுற சின்ன மைக்கு ஒண்ணு வாங்குங்க, காத்தத் தடுக்கற முடி வச்ச கவர அதுக்கு மாட்டாம கடக்கரைக்குக் கொண்டு போகாதீங்க. ஒவ்வொரு எடத்துலயும் எல்லாரையும் பேசாம நிக்க வச்சு ஒரு நிமிஷம் அந்த எடத்தோட சத்தத்த மட்டும் தனியா ரெக்கார்டு பண்ணிக்குங்க, எடிட்டிங்ல ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல சத்தம் வெட்டுப்பட்டுத் தெரியறப்போ அதத்தான் கீழ போட்டு ஒட்டணும்.

வெளிச்சத்துக்கு, பத்து மணிக்கு மேல மூணரை வரைக்கும் நம்ம வெயில்ல யாரு முகத்தையும் எடுக்காதீங்க, கண்ணுக்குக் கீழ கருப்பா விழும், கறுத்த நிறத்துக்காரங்க முகமே காணாமப் போகும். அந்த நேரத்துல ஓலைக் கொட்டகைக்குள்ள, வராண்டாவுல எடுக்கற சீன வச்சுக்குங்க. மீன் பெட்டியோட தெர்மாகோல் மூடி எந்தக் கரையிலயும் கெடக்கும், கழுவிட்டு முகத்துக்கு எதுத்தாப்ல பிடிச்சா வெளிச்சம் மெத்துனு வந்து விழும், பெரிய ஷூட்டிங்லயே தெர்மாகோல்தான் பிடிக்கறாங்க. கடல் பின்னால தெரியற சீன்னா அலையும் வெளிச்சமும் மணிக்கு மணி மாறும், அதனால தூர ஷாட்ட மொதல்ல முடிச்சிருங்க, முகத்த அப்புறம் எடுத்துக்கலாம். உப்புக் காத்து லென்ஸ்ல படிஞ்சு எல்லாமே புகை மாதிரித் தெரியும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் தொடைங்க.

பெர்மிஷன் விஷயத்துல அசட்டையா இருக்காதீங்க. ஐஸ் பிளாண்டு, ஜெட்டி, தனியார் எடம் எதுன்னாலும் சம்பந்தப்பட்டவங்ககிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்குங்க, நடிச்சவங்ககிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க, நாளைக்கு விழாவுலயோ ஓடிடியிலயோ கேப்பாங்க. மன்னார் வளைகுடாவுல இருக்கற 21 தீவும் தேசியப் பூங்காவுக்குள்ள வருது, வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது. ட்ரோன் விடணும்னா எங்க பறக்க விடலாம்னு அரசாங்கம் காட்டற டிஜிட்டல் ஸ்கை மேப்பப் பாத்துட்டு விடுங்க, உச்சிப்புளியில நேவியோட விமானத் தளம் இருக்கு, மண்டபத்துல கோஸ்ட் கார்டு இருக்கு, இது சர்வதேச எல்லைக்குப் பக்கத்து ஊரு. என்னக் கேட்டா முதல் படத்துக்கு ட்ரோனே வேண்டாம், மேல இருந்து எடுத்த கடல் உங்களப் பத்தி எதுவும் சொல்லாது.

பாட்டு, மியூசிக்குன்னு வந்தா சினிமாப் பாட்டத் தூக்கிப் போடாதீங்க. யூடியூப்ல உடனே காப்பிரைட் கிளைம் வரும், விழாவுல எடுக்கவே மாட்டாங்க. டீக்கடை சீன்ல ரேடியோவுல ஓடறது கூடப் பிரச்சினைதான், ஷூட்டிங் நேரம் அதக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லிருங்க.

படம் முடிஞ்சதும் உடனே யூடியூப்ல போடணும்னு கை துறுதுறுங்கும், கூட நடிச்சவங்களும் எப்ப அண்ணே போடுவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. கொஞ்சம் பொறுங்க. சில விழாக்கள் எல்லாருக்கும் தெரியற மாதிரி நெட்ல வந்துட்ட படத்த எடுக்காது, சில விழாக்கள் எங்ககிட்டதான் முதல்ல காட்டணும்னு சொல்லும். மொதல்ல விழாக்களுக்கு அனுப்பிப் பாருங்க, அந்தச் சுத்து முடிஞ்சதும் யூடியூப்ல போடுங்க. அதுவரைக்கும் பாஸ்வேர்டு போட்ட லிங்க்கா வச்சுக்குங்க. பெரும்பாலான விழாக்களுக்கு ஃபிலிம்ஃப்ரீவேங்கற வெப்சைட்டு வழியாவே அனுப்பலாம்.

எங்க அனுப்பறதுன்னா, பக்கத்துல இருந்தே ஆரம்பிங்க. மதுரையில மறுபக்கம் அமைப்பு நடத்தற டாக்குமெண்டரி, ஷார்ட் ஃபிலிம் விழா 1998-லேர்ந்து நடக்குது, ராம்நாட்டுல இருந்து பஸ் ஏறுனா மூணு மணி நேரத்துக்குள்ள போயிரலாம், படம் அனுப்பாட்டியும் போயி உக்காந்து பாருங்க, மத்தவங்க என்ன எடுக்கறாங்கன்னு பாக்கறதே பாதிப் படிப்பு. திருவனந்தபுரத்துல கேரள சலச்சித்ர அகாடமி நடத்தற டாக்குமெண்டரி, ஷார்ட் ஃபிலிம் விழா இருக்கு, பெங்களூர்ல ஷார்ட் ஃபிலிமுக்குன்னே ஒரு சர்வதேச விழா இருக்கு, இதுல பெங்களூர் விழா ஆஸ்கர் தகுதி விழா. அப்படின்னா அங்க குறிப்பிட்ட பரிச வாங்குன படம் நேரா ஆஸ்கர் போட்டிக்கு விண்ணப்பிக்கலாம், அமெரிக்காவுல தியேட்டர் புடிச்சு ஓட்ட வேண்டிய அவசியமில்ல. மும்பையில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ நடக்கற சர்வதேச விழா இருக்கு. வெளிநாட்டுல ஷார்ட் ஃபிலிமுக்குன்னே பேரு போனது பிரான்ஸ்ல கிளெர்மோன்ட் ஃபெராண்டும் ஜெர்மனியில ஓபர்ஹவுசனும், ஓபர்ஹவுசன் விழா 1954-ல ஆரம்பிச்சது.

ஒரு எச்சரிக்கை இருக்கு. மாசா மாசம் விருது குடுக்கறோம்னு சொல்லிக்கிட்டு, தியேட்டர்ல ஒரு ஷோ கூடப் போடாம, ஃபீஸ் கட்டுன எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் இலைக்கொத்து போட்ட லோகோவ மெயில்ல அனுப்பற விழாக்கள் நெட்ல ஏராளமா இருக்கு. போஸ்டர்ல பதினஞ்சு லோகோ ஒட்டிக்கிட்டா ஊருல பாராட்டுவாங்க, ஆனா சினிமாவுல இருக்கறவங்களுக்கு எது உண்மையான விழான்னு தெரியும். அனுப்பறதுக்கு முன்னாடி போன வருஷம் எந்தத் தியேட்டர்ல ஓட்டுனாங்க, யாரு ஜூரின்னு பாருங்க, அந்த விவரம் இல்லைன்னா அந்தக் காச அடுத்த படத்துக்கு எடுத்து வைங்க.

இங்கிலீஷ் சப்டைட்டில கடைசி நேரத்துல அவசர அவசரமாப் போடாதீங்க, பாக்கறவங்களுக்கு உங்க வசனம்னு கெடைக்கறது அது மட்டும்தான், ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கற டீச்சர் யாராவது தெரிஞ்சவங்க இருந்தா உக்கார வச்சு ஒரு தடவ படத்தோட சேத்துப் பாக்கச் சொல்லுங்க. படத்தோட சேத்து அனுப்ப கதைச் சுருக்கம் மூணு வரியில, உங்களப் பத்தி நாலு வரியில, நல்ல ஸ்டில்லு, அதாவது போட்டோ, ரெண்டு மூணு வேணும். ஸ்டில்ல ஷூட்டிங் அன்னைக்கே தனியா எடுத்து வைங்க, வீடியோவுல இருந்து வெட்டி எடுத்தா மங்கலா இருக்கும்.

ரிசல்ட்டு வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகும், பல எடத்துல இல்லைன்னுதான் வரும், அத வச்சு படம் மோசம்னு முடிவு பண்ணிறாதீங்க, ஆறு படம் போடற எடத்துக்கு ஆயிரம் படம் வந்திருக்கும். அந்த மாசங்கள்ல சும்மா மெயிலப் பாத்துக்கிட்டு இருக்காம அடுத்தத எழுதுங்க. ஏன்னா படத்தப் பாத்து யாருக்காவது பிடிச்சுப் போயி உங்களக் கூப்புட்டா அவங்க மொதல்ல கேக்கறது அடுத்து என்ன வச்சிருக்கீங்கங்கறதுதான், அப்ப அனுப்பறதுக்கு பெரிய படத்துக்கான கதை பத்துப் பக்கமாவது கையில ரெடியா இருக்கணும்.